அண்ணியைச் சுடக் கூடாதாம்

ஞாயிறு, மே 11

கத்திரி வெயில். மின்விசிறியிலிருந்து அனல். மாதா கோயில் பூசை முடிந்து வந்து மீன் வறுவல், ரசம். பிறகு விளையாட்டு. நான் படுக்கையறைக் கணினியில், வீட்டுக்காரர் ஜெ. கூடத்துக் கணினியில். அணிக்கு நான்கு போர் விண்கலம். எங்கள் அணிக்கு ஜெ.தான் தலைவர். கல்யாணத்தோடு சேர்ந்து வந்த பதவி என்று நினைப்பு.

எதிரணியில் வீராம்பட்டினத்துக் குமரவேல். ஐஸ் கம்பெனியில் வேலை, குறி தப்பாத ஆள். இன்று ஜெ.யை மூன்று முறை வீழ்த்தினான். என்னைத் தொட முடியவில்லை. பொங்கலிலிருந்து ஒரு முறைகூட விழாதவள் நான் ஒருத்திதான்.

அடுத்த வாரம் தலைமை எனக்கு வேண்டும் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார் ஜெ. அவருடைய "பாக்கலாம்" எனக்குத் தெரியாதா? பற்பசை வாங்க வேண்டும்.

செவ்வாய், மே 13

வேலைக்குப் போனால் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரே கூட்டம். சோற்று டப்பாவைத் திறந்தபோது கைபேசியில் குமரவேலின் வீடியோ. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அவன் கலத்திலிருந்து தெரிந்தபடி. ஜெ. விழுவதைக் காட்டிப் பெருமையடிக்கக் குழுவில் போட்டிருக்கிறான்.

நடுவில் நான். என் சிவப்புக் கலம் அவனுடைய குறிவட்டத்துக்கு நட்டநடுவில். முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல். ஒரு பொத்தான் அழுத்தினால் தூள். அழுத்தவில்லை. ஆட்டத்தில் எங்களுக்குக் கேட்காமல் அவன் முணுமுணுத்தது இதில் கேட்கிறது: "அண்ணி, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க."

விண்வெளியில்! பஸ்ஸில் இறங்க வழி கேட்பது மாதிரி!

டப்பாவை மூடினேன். போன் போட்டேன்.

"ஏன் குமரு சுடலை?"

"அது வந்து அண்ணி... ஜெரால்டு அண்ணன்தான் பொங்கல் அப்ப சொன்னாரு. எங்க வூட்ல வுழுந்தா ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கும், வுட்டுடுங்கடான்னு. நாங்களும் சரின்னுட்டோம். அண்ணிய எப்புடிச் சுடுறது?"

இரண்டு அணிக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

இரவு ஜெ.யிடம் கேட்டேன். சிரிக்கிறான். (இனி இந்த நோட்டில் 'அவர்' கிடையாது.)

"நீ சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான்டி ரெஜி."

"நான் என்ன கைக்கொழந்தையா?"

"ஜெயிச்சிட்டுத்தான இருந்த? அப்பறம் என்ன?"

டம்ளரைப் போட்ட சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்ன பிள்ளை மாதிரி இத்தனை மாதம் இளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பரிசோதனை நிலையத்தில் வேறு பீற்றிக்கொண்டேன். நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

வியாழன், மே 15

குழுவில் எழுதினேன்: "என்னைச் சுடாதவன் என்னோடு ஆட வேண்டாம். என் பேர் ரெஜினா." குமரவேல் மட்டும் தனியாக அனுப்பினான்: "பேர் சொல்லியெல்லாம் கூப்புட வராதுங்க. ஆனா சுடுறேன்."

சாயங்காலம் பயிற்சி. சுட்டான். நாற்காலி சூடாவதற்குள் விழுந்தேன். மறுபடி. மறுபடி. பின்னால் ஒருத்தன் ஒட்டிக்கொண்டால் எப்படித் திரும்புவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? யாராவது துரத்தியிருந்தால்தானே? கூச்சல் போட்டு அழுதேன். தோற்றதற்கு இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியதை எல்லாம் பிடுங்கிக்கொண்டு கையில் பொய் வெற்றியைத் திணித்திருக்கிறான் ஜெ.

கூடத்திலிருந்து: "பாத்தியா, இதுக்குத்தான் சுடாதீங்கடான்னு சொன்னேன்!"

கதவைச் சாத்தினேன்.

சனி, மே 17

விடுப்பு. புழுக்கம். நாள் முழுக்கத் திரும்பும் பயிற்சி. மணிக்கட்டு வீக்கம், தைலம். பத்துக்கு ஒரு தடவை தப்பிக்கிறேன். மேலே ஏறக் கூடாது, உள்பக்கம் மடங்க வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை, விழுந்து விழுந்து தெரிந்துகொண்டது.

குமரவேல் அணியில் ஓர் ஆளுக்கு நைட் ஷிப்ட். இடம் கேட்டேன். "அண்ணன் என்ன சொல்லுவாரோ" என்று இழுத்தான். "அவன்கிட்ட ஏன் கேக்கணும்?" என்றேன். கொடுத்துவிட்டான்.

ஜெ.யிடம் சொன்னேன். "வெளையாட்டுக்கெல்லாம் இப்படியா?" என்றான். விளையாட்டில் பொய் சொன்னவன் கேட்கிறான்.

ஞாயிறு, மே 18

பூசைக்குப் போகவில்லை. சமைக்கவில்லை. ஜெ. ரொட்டி தின்றான்.

ஆட்டம். இரண்டு முறை விழுந்தேன். ஜெ.யின் அணிக்காரன் ஒருவன் சுட்டதும் "சாரி அண்ணி" என்றான். "வாய மூடிட்டுச் சுடு" என்றேன். மூன்றாவது முறை பின்னால் வந்தவனை உள்பக்கம் மடங்கிக் கழற்றிவிட்டேன். எதிரே ஜெ.யின் கலம். என்னைப் பார்த்தும் திரும்பவில்லை. ஒதுங்கவில்லை. நேராக, சாவகாசமாக, என் குறிவட்டத்துக்குள் நுழைந்தான்.

அழுத்தினேன்.

கூடத்திலிருந்து அலறல்: "ஏய், நாந்தான்டி!"

"தெரியும்" என்று கத்திவிட்டு, இன்னொரு தரம் அழுத்தினேன்.