ரேடியேட்டரில் குறையாத தண்ணீர்

கரடியூர்,
மார்கழி 12

அன்பு மகள் சரண்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம். நாலு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது கண்ணு.

நம் டிராக்டர் இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காப்பிப் பழ மூட்டையோடு மேடு ஏறும்போது ஆயில் விளக்கு எரிந்ததாம், டிரைவர் மாதேஷ் உடனே நிறுத்தி அளவுக் கம்பியை உருவிக் காட்டினான். ஆயில் பால் காப்பி நிறத்தில், இருக்க வேண்டியதற்கு மேலே ஏறி நின்றது. அப்பா ரேடியேட்டரைத் திறந்தார், தண்ணீர் கழுத்துவரை இருந்தது. இன்ஜினுக்குள் ஒழுகியிருந்தால் இங்கே குறைந்திருக்குமே, ஆயில் ஊற்றும் வாயில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். பொங்கல் லீவுக்காக மாதேஷோடு முதல் நாள்தான் வாக்குவாதம். பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியவனை, பழம் பறிக்கிறவர்கள் அத்தனை பேர் முன்னால், வஞ்சம் வைத்துக் கெடுத்துவிட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் அப்படிச் செய்வேனுங்களா என்று கேட்டுவிட்டு அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஏற்காட்டிலிருந்து மெக்கானிக் சையத் இப்ராஹிம் பாய் வந்தார். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குள் சைக்கிள் பம்பால் காற்றடித்து, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மூன்றாவது சிலிண்டருக்குள் செருகியிருக்கும் இரும்புக் குழாய், லைனர் என்கிறார்கள், அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு, பின்னாலேயே இன்னொன்று. தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம் உட்காரும் இடத்தைத் துரு தின்றிருக்கிறது, வருசக்கணக்காக வெறும் தண்ணீர் ஓடியதால் வந்தது, லைனரைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் புது வளையம் போட்டால் சரியாகிவிடும் என்றார். ஆனா இவ்வளவு ஒழுகியும் ரேடியேட்டர் எப்படிங்க நெறஞ்சே இருந்துச்சு, யாராச்சும் ஊத்துனீங்களா என்றும் கேட்டார். அப்பா இல்லை என்றார். நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.

ஊற்றியது நான்தான் சாமி. போன தை மாதம் நீ துருப்பிடிக்காமல் இருக்க ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் ஊற்றி, வேறு எதையும் கலக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆயுத பூசையன்று நான் வருசா வருசம் செய்வதுபோல, வண்டிக்கு நல்லது என்று, அதை வடித்துவிட்டுக் கோயில் சுனைத் தண்ணீரை நிரப்பினேன். போன வாரத்திலிருந்து காலையில் பார்த்தால் ஒரு டம்ளர் குறைந்திருக்கும். குறைகிறது என்று சொன்னால் கூலன்டைக் கொட்டியதும் தெரிந்துவிடுமே என்று, மாதேஷ் வருவதற்குள் தினமும் நிரப்பிவைத்தேன். என் பயத்துக்கு அவன் பெயர் கெட்டது.

இதுவரை எழுதிவிட்டு, உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. கடிதத்தை அப்பாவிடமே படித்துக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அத்தன பேரு முன்னால சொன்னேன், அவங்க முன்னாலயேதான் இல்லைன்னு சொல்லோணும், அவன மொதல்ல கூட்டிட்டு வரலாம் வா என்றார்.

கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். பொங்கலுக்கு வரும்போது அந்தப் பச்சைக் கூலன்ட் வாங்கி வா, இனிமேல் சுனைத் தண்ணீரை வண்டிமேல் தெளிப்பதோடு சரி. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், தலைச்சோலையில் இருக்கும் மாதேஷ் வீட்டுக்குப் புறப்படுகிறோம். அவன் வருவானா என்று தெரியவில்லை.

உன் அம்மா,
ராஜேஸ்வரி