ஒன்பது வாரம் முந்தி வந்தவனுக்கு ஒரு தொப்பி

என் கண்ணு பொம்மிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதனால் சுகம் என்றுதான் எழுத வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் என் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று விடிந்தது முதல் அதே நினைப்பு. போனில் கேட்டால் அப்படியேதான் இருக்கான்மா என்று ஒரு வரி சொல்லி வைத்துவிடுகிறாய், அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாய், எனக்கும் அதே கதைதான், அதனால் எழுதுகிறேன். அப்பா இடுப்பில் தகடு வைத்த எலும்பு சேர இன்னும் ஒன்றரை மாதம் ஆகுமாம், அதுவரை கட்டிலிலிருந்து இறக்கவும் ஏற்றவும் நான் வேண்டும். இல்லையென்றால் இந்நேரம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

குழந்தைக்குத் தலை வழியாகத்தான் சூடு போகிறது, வீட்டில் பின்னிய பருத்தி நூல் தொப்பி இருந்தால் போடலாம் என்று அங்கே நர்ஸம்மா சொன்னதாகச் சொன்னாயே, மறுநாளே கிளம்பிவிட்டேன். யாரிடம் என்று நினைக்கிறாய், உன் அத்தையிடம்தான். உன்னைச் சுமந்திருந்த ஏழாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கும் பின்னக் கற்றுக்கொடு என்று கேட்டதற்கு, உங்க கைக்குத் துடைப்பம்தான் அண்ணி சரி, ஊசியெல்லாம் நிக்காது என்று சிரித்தாளே, அவளிடம். முப்பத்துநான்கு வருஷத்தில் அவளுக்கு அது மறந்துவிட்டது, எனக்கு அன்றைக்கு அவள் கட்டியிருந்த பச்சைச் சேலையின் கரைகூட மறக்கவில்லை. உனக்காக அதையும் விழுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டம்மாவை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, அவள் வேலை செய்யும் தையல்கடைக்குப் போனேன். தேய்க்கிற மேசைக்கும் நூல் அலமாரிக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டுத் தந்தார்கள். முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி, நூலை மாட்டிக் கண்ணிக்குள் இழுக்க வேண்டும், பார்த்தால் ஒன்றுமில்லை, கையில் எடுத்தால் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு நாள் பின்னியதைப் பார்த்துக் கடைக்காரத் தையல்காரர், இது தொப்பியா புனலாம்மா, இதுல எண்ணெய் ஊத்தலாம் போல இருக்கே என்றார். உன் அத்தை கையில் வாங்கி, ஒவ்வொரு சுத்துலயும் கடைசிக் கண்ணிய விட்டுட்டே வர்றீங்க அண்ணி, போன சுத்துல இருந்ததெல்லாம் இந்தச் சுத்துலயும் இருக்கணும்ல என்று சொல்லிக்கொண்டே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டாள். அதையும் நான் மறக்கப் போவதில்லை.

அப்புறம் ஐந்து நாள், சுற்றுக்குச் சுற்று வாய்விட்டு எண்ணி, ஒரு கண்ணி விடாமல் முடித்தேன். அளவு என்ன என்று அவள் கேட்டபோது, என் மகள் தலை என் கைக்குத் தெரியும், பிறந்த அன்றைக்கு ஏந்திய இந்தக் கைதான் அளவு என்று ஜம்பமாகச் சொன்னேன். வெள்ளை நூலில் அவ்வளவு அழகாக வந்தது. தையல்காரர்கூட கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அனுப்பிய போட்டோ வந்தது. நர்ஸம்மாவின் கை அவன் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது பார், அந்தப் படம். தலை அந்தக் கையின் முஷ்டியளவுதான் இருந்தது. நான் என் முஷ்டியைத் தொப்பிக்குள் விட்டுப் பார்த்தேன், இன்னொரு முஷ்டிக்கும் இடம் இருந்தது. நிறைமாதத்தில் வந்த உன் தலைக்குப் பின்னியிருக்கிறேன் பொம்மி, அவன் ஒன்பது வாரம் முந்தி வந்தவன் என்று இந்தக் கைக்குத் தெரியவில்லை. உன் அத்தை போட்டோவையும் பார்த்தாள், தொப்பியையும் பார்த்தாள். குத்தலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன், சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுக்க என்னிடமும் இருந்தது. அவளோ நூல் முனையைத் தேடி எடுத்து என் விரலில் வைத்து, நீங்களே பிரிங்க அண்ணி என்றாள். பிரித்தேன். வேறு என்ன செய்ய முடிகிறது என்னால். அங்கே ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துத் தர ஆளில்லாமல் நீ இருக்கிறாய், இங்கே நான் பின்னுகிறேன், பிரிக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, பால் சுரக்க அதுதான் வழி. மாப்பிள்ளைமேல் எரிந்து விழாதே, அவரும் பயந்துபோயிருக்கிறார். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராது, நீங்கள் நன்றாக இருப்பீர்கள். ஒன்று மட்டும் மறக்காதே. நர்ஸம்மாவிடம் கேட்டு அவன் தலையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து வெட்டிக் கவரில் வைத்து அனுப்பு. எத்தனை அங்குலம் என்று எழுதாதே, எனக்கு அந்த நூல்தான் வேண்டும், அவன்மேல் பட்டதாக ஏதாவது ஒன்று என் கைக்கு வரட்டும். உன் நூல் இங்கே வந்து, நான் பின்னி அங்கே அனுப்புவதற்குள் அவன் வளர்ந்துவிடுவான், தொப்பி பத்தாது என்று உன் அத்தை சொல்கிறாள். அவள் வாய் பலிக்கட்டும் என்று இந்த ஒரு முறைதான் நான் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா