நாத்தனார் வீடா, கடற்கரை ஹோட்டலா

1937 ஜூலை 4, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி இவருடைய ஆபீஸ் கால்சட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்திலேயே கருவாடு வதங்குகிறது. நாளைக்கு, ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற பெரிய கிராணியான இவர் ஆபீசில் நுழைந்தால் எல்லோருக்கும் பசிக்கும்.

எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் மருதமுத்து அண்ணன் வந்து நாடி பார்த்துவிட்டு, "மருந்து குடுத்தாச்சும்மா. இனிமே கடல் காத்தும் ஓய்வுந்தான்" என்றார். இவருக்கும் ஆகஸ்டில் லீவு கிடைத்திருக்கிறது. உடனே முகம் மலர்ந்து, "அதுக்கென்ன, மலாக்காவுல அக்கா வீடு இருக்கே" என்றார்.

அக்கா வீட்டில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் கடலில்தானே போய் விழுகிறது என்றார். சிரிக்காமல் சொன்னார்.

போன வருஷ லீவுக்கும் அங்கேதான் போனோம். நாத்தனார் ராமாத்தாள் கெட்டவரில்லை. வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். உள்ளே என்றால் நேராக அடுப்படி. அவர் பிள்ளைகள், கப்பலிலிருந்து இறங்கி வேலை தேடுகிற ஊர்க்காரர்கள், யார் யாரோ என்று ஒரு பந்தியே சாப்பிடுகிற வீடு. விருந்தாளி என்று நான் மட்டும் மூலையில் உட்கார்ந்தால் அது மரியாதையா? போன அன்று ஆட்டுக்கல்லைப் பிடித்தவள் லீவு முடிந்துதான் விட்டேன். பக்கத்தில் கடல் இருந்ததாகக் கேள்வி.

ஜூலை 6

இவர் அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மைப்புட்டியைக் காணவில்லையாம். நானும் கூடவே சேர்ந்து தேடினேன். அதை எடுத்து மளிகைச் சாமானுக்கு நடுவில் ஒளித்து வைத்தது நான்தான்.

ஜூலை 10, சனி

பக்கத்துத் தோட்டத்துச் சின்னக் கிராணி காளிமுத்து சைக்கிளில் வந்தார். புதிதாகக் கல்யாணமானவர். மலாக்காவுக்கு அந்தப் பக்கம், தஞ்சோங் கிளிங் கடற்கரையில், ஹைனான் சீனர் ஒருவர் நடத்துகிற பெரிய ஹோட்டலில் பெண்டாட்டியோடு தங்கிவிட்டு வந்திருக்கிறார். முன்பெல்லாம் துரைமார் தங்குகிற இடம். இப்போது காசு கொடுத்தால் நம்மவர்களுக்கும் அறை உண்டாம்.

"கட்டில்ல உக்காந்தா அப்படியே உள்ள போயிருதுக்கா. மணி அடிச்சா தேத்தண்ணி வருது. யாரு ஆக்குறா, எங்க ஆக்குறான்னே தெரியல. அடுப்படி எந்தப் பக்கம்னு கடைசி வரைக்கும் நாங்க பாக்கல" என்றார்.

அடுப்படி எந்தப் பக்கம் என்றே தெரியாத ஓர் இடம். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் சோறு போடும்போது இவரிடம் சொன்னேன்: இந்த லீவுக்கு அந்த ஹோட்டல். இவருக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

ஜூலை 11

"அந்தக் காசுக்கு ஒரு பசுமாடு வாங்கலாம் ஜானகி."

"வாங்கலாம். கறக்கப் போறது யாரு?"

ஜூலை 14

மாடு போய்த் தையல் மிஷின் வந்திருக்கிறது. ஹோட்டலுக்குக் கொட்டுகிற காசுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கலாமாம். எனக்காகத்தானாம். நேற்று, புது ஆட்டுக்கல். இந்த மனுஷன் எனக்கென்று யோசிக்கிற சாமானெல்லாம் எனக்கு வேலை வைக்கிற சாமானாகவே இருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லை, பாவம். அவருக்குத் தெரிந்த ஜானகி எந்நேரமும் எதையாவது அரைத்துக்கொண்டிருக்கிறாள். சும்மா இருக்கிற ஜானகியை அவர் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

ஜூலை 18, ஞாயிறு

சண்டை.

காசெல்லாம் சாக்கு என்று இன்றுதான் வெளியே வந்தது. ரப்பர் விலை ஏறியிருக்கிறது, துரை போனஸ் கொடுத்திருக்கிறார். பயம் அக்காமேல். "அதே ஊருல கூடப் பொறந்தவ இருக்கா. அவ வீட்டத் தாண்டிப் போயி காசு குடுத்துத் தங்குனா நாலு பேரு என்ன சொல்வான்? அக்காவக் கைநீட்டி அறைஞ்ச மாதிரிதான்லா."

நியாயம்தான். நம் ஜனங்களில், சொந்தம் இருக்கிற ஊரில் வேறெங்காவது போய்த் தங்கினால் உறவை வெட்டிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதிலும் தாய் செத்த பிறகு இவரைத் தூக்கி வளர்த்துப் பள்ளிக்கூடத்தில் போட்டவர் அந்த அக்கா. இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

தெரிந்துதான் பேசினேன். பேச்சா அது, கத்தல். என்ன சொன்னேன் — "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அடுத்தவங்க ஆக்கிப்போட்டு நான் நிம்மதியா உக்காந்து சாப்ட்டிருக்கேனா? காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி வச்சது யாரு? நடுங்கிக்கிட்டே நாந்தான வச்சேன்? எனக்குக் கடலும் வேணாம், கட்டிலும் வேணாம். நாலு நாளு அடுப்பு மூஞ்சில முழிக்காம இருக்கணும். அம்புட்டுதான்."

மகள் ஜெயா பயந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவினார். சரியாகக் கழுவவில்லை. நான் மறுபடி கழுவினேன்.

ஜூலை 20

ஹோட்டலுக்கு எழுதிவிட்டாராம், ஆபீஸ் மையில். நாலு நாள். ஒரே நிபந்தனை: அக்காவுக்குத் தெரியக் கூடாது.

ஆகஸ்ட் 7, சனி

ஹோட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே கடல்.

வழியில்தான் உயிர் போய் வந்தது. எங்கள் பக்கத்துச் சுங்கை ரம்பாய் பஸ் மலாக்காவோடு சரி. அங்கே இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். இவர் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். அப்பா ஏன் திருடன் மாதிரி நடக்கிறார் என்று ஜெயா கேட்டாள். அந்த நேரம் பார்த்து, கோவிலடியில் பூக்கட்டி விற்கிற இருசம்மாள் எதிரே வந்து நின்றாள். நாத்தனார் வீட்டுக்குத் தினமும் பூக் கொடுக்கிறவள்.

"என்னா கிராணியாரே, அக்கா வூட்டுக்கா?"

"ஆமா, ஆமா, அக்கா வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே தஞ்சோங் கிளிங் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

அறைக்கு என்று ஒரு ஆள் உண்டு. "பாய்", அதாவது பையன், என்று கூப்பிட வேண்டுமாம். என் அப்பா வயது இருக்கும். ஆ கியோங் என்று பெயர். வாய் வரவில்லை, அண்ணே என்றே கூப்பிடுகிறேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

பழக்கம் விடவில்லை. விடியும் முன்பே எழுந்து படுக்கையை மடித்து, தரையைக் கூட்டி, பழைய வேட்டியால் துடைத்தும் வைத்துவிட்டேன். துடைப்பத்தோடு வந்த ஆ கியோங் அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. "அம்மா, இது சயா பூஞா வேலை, என் வேலை. நீ செஞ்சா, சயாவுக்கு எதுக்குச் சம்பளம்னு மொதலாளி தவுக்கே கேப்பான்" என்று பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் சொல்லிவிட்டு, நான் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். வெட்கமாகிவிட்டது. கட்டிலுக்கடியில் மட்டும் இன்னொரு தடவை கூட்டச் சொன்னேன்.

சூப் என்று ஒன்று கொடுக்கிறார்கள். வெந்நீருக்கு மிளகு காட்டின மாதிரி இருக்கிறது. இந்த ருசிக்கா இத்தனை காசு என்று இவர் முணுமுணுத்தார். நான் ஆக்காத சூப். இரண்டு தட்டுக் குடித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஜெயாவோடு மணலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தேன். அங்கேயே இருந்தன. நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. மாடு, மிஷின், ஆட்டுக்கல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தாலும் தகும்.

இவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் சத்தம் கேட்டாலே தூணுக்குப் பின்னால் போய்விடுகிறார்.

ஆகஸ்ட் 9, திங்கள்

வந்துவிட்டார்.

காலையில் பசியாறிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்றது. முதலில் நாத்தனார். பின்னால் அவர் வீட்டுக்காரர் தங்கையா அண்ணன், பிள்ளைகள், வேலை தேடுகிற ஊர்க்காரர்கள் வரைக்கும் எல்லோரும், ஆளுக்கொரு தூக்குச் சட்டியோடு. தூணுக்குப் பின்னால் போகக்கூட இவருக்கு நேரமில்லை.

"என் வீடு என்ன எரிஞ்சா போச்சு, தனபாலு?" நடுக்கூடத்தில் நின்று கேட்டார். வெள்ளைக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "ஒன் தம்பி வந்தாச்சுன்னு இருசம்மா வந்து சொன்னா. நண்டு வாங்கி ஆக்கி வச்சேன். சனிக்கெழம பூரா வாசலயே பாத்துக்கிட்டிருந்தேன். நேத்தும் பாத்தேன். ராத்திரி அவளப் புடிச்சு உலுக்குனாதான் சொல்றா, நீங்க ஏறுன பஸ்ஸு இந்தப் பக்கம் வந்துச்சுன்னு."

அந்த நண்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தங்கையா அண்ணன் நல்லவர். "சரி, வந்தது வந்தாச்சு, மொதல்ல ரூமப் பாப்போம்" என்றார். எல்லோரும் அறைக்குள் வந்தார்கள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் நமக்கு ஏது? இவர் மணியை அடித்தார், தேத்தண்ணி வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. ஆ கியோங் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. தூக்குச் சட்டிகளைத் திறந்து தரையில் பேப்பரை விரித்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் குனிந்து பரிமாறுகிறேன். "அந்த ரசத்த இங்க விடும்மா" என்கிறார் தங்கையா அண்ணன். வாடகை கொடுத்து எடுத்த அறை கண்ணுக்கு முன்னால் நாத்தனார் வீடாகிவிட்டது. எனக்கு வந்த அழுகையைக் குளியலறைக்குள் போய்த்தான் அடக்கினேன்.

நாத்தனார் மட்டும் தண்ணீர்கூடத் தொடவில்லை. சுவரோரம் நின்றபடியே வைதுகொண்டிருந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கட்டிலில் உட்காரவைத்தேன். ஓரமாக உட்கார்ந்தார். கட்டில் அமுங்கியது. "என்னா புள்ள இது, ஆள முழுங்குது" என்று ஒரு காலை மேலே தூக்கிப் போட்டார். பிறகு தலையணையில் சாய்ந்தார். சாய்ந்தபடி, "வளத்தவ வேணாம், மணி அடிக்கிறவன் வேணும், அப்படித்தான..." என்று ஆரம்பித்தவர் பாதி வசவிலேயே தூங்கிவிட்டார்.

ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு. உள்ளங்கையில் ஆட்டுக்கல் குழவியின் காய்ப்பு. போன வருஷம் அந்த ஆட்டுக்கல்லில் நான் ஆட்டியது ஒரு லீவு. மிச்ச நாளெல்லாம் ஆட்டுவது யார்? எனக்கு இது தோன்றவே இல்லையே.

வெயில் சாயும் நேரம் தூக்கிவாரிப் போட்டதுபோல எழுந்தார். "ஐயோ, அடுப்புல சோறு." பிறகு ஜன்னலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"பகல்ல படுத்து எம்புட்டு வருசமாச்சு தெரியுமா" என்றார். அதில் கோபம் இல்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. வெளியே போய், "அண்ணி இங்க இருக்கட்டும். மத்தவங்க எல்லாம் கெளம்புங்க" என்றேன்.

"நானுமா?" என்றார் இவர்.

"நீங்களுந்தான். அக்கா வீட்டுக்குப் போவணும்னுதான ஆசப்பட்டீங்க."

தங்கையா அண்ணன் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அப்ப எங்களுக்குச் சோறு?" என்று கேட்டார். அண்ணி கட்டிலிலிருந்தே பதில் சொன்னார். "அரிசி வீட்டுலதான் இருக்கு."

ஆகஸ்ட் 10

அண்ணி மணியை அடித்துப் பார்த்தார். ஆ கியோங் அண்ணன் ஓடி வந்தார். என்ன கேட்பது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. "சும்மாதான். நீங்க சாப்ட்டீங்களா?" என்று விசாரித்து அனுப்பினார்.

ஆகஸ்ட் 11, புதன்

இவர் எங்களை அழைத்துப்போக வந்தார். கண் இரண்டும் சிவந்து, கட்டைவிரலில் துணி சுற்றி, மேலெல்லாம் புகை வாசனை. பில்லில் தேத்தண்ணிக் கணக்கே ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. மாட்டுப் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். பேசாமல் கட்டினார்.

அண்ணியை வீட்டில் விட்டோம். அடிப்பிடித்த பானைகள் வாசல் வரைக்கும் கிடந்தன. ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தார்கள். அண்ணி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள்.

சுங்கை ரம்பாய் பஸ்ஸில் ஜெயா தூங்கிவிட்டாள். இவர் கட்டைவிரல் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார். "தெனமும் இப்படித்தானா?"

"எது?"

"கண்ணு எரியிறது."

ஆமாம் என்றேன்.

1938 பிப்ரவரி 6, ஞாயிறு

அண்ணி நேற்று எங்கள் தோட்டத்துக்கு வந்தார், தனியாக. ஒரு வாரம் இருப்பாராம். இவர் வெள்ளனவே எழுந்து, இன்றைக்கு அடுப்படிப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். போன மாதத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான். குழம்பில் இன்னும் புகை வாசனை போகவில்லை, ஆனால் சாப்பிடலாம்.

அண்ணியும் நானும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே என்னவோ விழுந்து உருண்டது. "ஜானகி, உப்பு எங்க இருக்கு?" என்று குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "அக்கா?"

அண்ணி எழுந்திருக்கப் பார்த்தார். நானும்தான். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம்.