வேலிக் கடதாசியும் என் கையெழுத்தும்

அன்பு மகன் மஸாஹிருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உம்மாவும் தங்கச்சி இல்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், கத்தாரில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். இதை இல்மா எழுதித் தந்தாள் என்று நினைக்காதே மகன், எல்லா எழுத்தும் என்னுடையதுதான். எழுபத்தொரு வயதில் பஸீனா டீச்சரின் முதியோர் எழுத்து வகுப்பில் ஏழு மாதம் இருந்து பழகினேன். இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் பிடித்தது. பள்ளிக்கூடத்துப் புள்ளக்கி தேத்தண்ணி ஊத்தவா என்று உம்மா பகிடி பண்ணுகிறாள்.

போன வருடம் ஹோட்டல் கட்ட வந்தவர்கள் நம்முடைய கரைவலைக் கரையில் பாதியை வேலி போட்டு மறித்தது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை நாம் வலை இழுப்பதில்லை, கரை முழுவதும் பக்கத்து ஊர் அருளப்புவின் ஆட்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போனால் நமக்கு, மற்ற நாட்களில் ஆளுக்கொரு பக்கம். இப்போது ஒரு வலைக்குத்தான் இடம். போன மாதம் அருளப்புவின் மகன் கில்பட்டும் உன் மச்சான் முஸம்மிலும் யார் முதலில் வலை வளைப்பது என்று அடிபட்டு, முஸம்மிலுக்கு நெற்றியில் ஐந்து தையல். பொலிஸ் வந்து இரண்டு பேரையும் கொண்டுபோனது, வேலி அப்படியே நின்றது. உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்கிறேன். மண்ணெண்ணெய் மானியத்துக்கு என்று ஒருவர் கொண்டுவந்த கடதாசியில் நான்தான் முதலில் பெருவிரல் வைத்தேன், என்னைப் பார்த்து இன்னும் பதினேழு பேர் வைத்தார்கள். அது வேலிக்குச் சம்மதம் என்று பிறகுதான் தெரிந்தது. வகுப்புக்குப் போனது அந்த வெட்கத்தில்தான்.

அருளப்புவும் நானும் இரண்டு ஊராரையும் சேர்த்து ஒரு மனு எழுதுவித்தோம். பொலிசை அனுப்பினால் சமாதானம் வராது, கரைவலைக் கரையை யாருக்கும் அடைத்துக் கொடுக்கக் கூடாது என்று பாராளுமன்றத்தில் சட்டம் வேண்டும், கரையைப் பற்றி முடிவெடுக்கும்போது இரண்டு ஊராரும் இருக்க வேண்டும் என்று கேட்டோம். எந்தக் கடதாசியையும் ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டாமல் ஒப்பம் வாங்கக் கூடாது என்பது நான் சேர்த்தது. வியாழக்கிழமை பாராளுமன்ற உறுப்பினர் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு வந்தார். அவசரமாகப் போகவேண்டுமாம். பெரியவர் வெரல வைங்க என்று அவருடைய ஆள் மைப்பெட்டியை நீட்டினான், நான் பேனை கேட்டேன். ஜபார் நானா, மெதுவா எழுதுங்க, ஐயா அதுக்குள்ள மனுவ வாசிச்சி முடிக்கட்டும் என்று அருளப்பு சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். உறுப்பினரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து வாசித்தார். வாசித்துவிட்டு, வேலிக்கு நீங்கதானே பதினெட்டுப் பேர் சம்மதம் தந்தீங்க என்றார். சிரிப்பு நின்றது. அதுல மொதல் வெரல் என்ட வெரல்தான் சேர், அப்ப எனக்கு வாசிக்கத் தெரியா, இத வாசிச்சிட்டுத்தான் எழுதுறன் என்றேன். முஸம்மிலின் நெற்றியைப் பார்க்க எனக்கு முகமில்லை. அருளப்புவுக்கும் அதுவரை இது தெரியாது. அவர் கடதாசி காற்றில் எழும்பாமல் மற்ற முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மிச்சப் பெயரை எழுதி முடித்தேன். எனக்குப் பின்னால் முஸம்மில் எழுதினான், அவனுக்குப் பின்னால் கில்பட். அடுத்த அமர்வில் பேசுவதாக உறுப்பினர் சொல்லிப் போனார். பேசாவிட்டால் இன்னொரு மனு எழுத இப்போது எனக்குத் தெரியும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும் தரட்டும். தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. புது வேலைக்கு ஒப்பந்தம் தருவார்கள் என்றாயே, ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டு ஒப்பமிடு. அவசரப்படுத்தினால் வாப்பாவைப் போல மெதுவாக எழுது.

உன் வாப்பா,
செய்யது முகம்மது ஜபார்
கற்பிட்டி