ஜீப் மாட்டிக்கொண்ட இடம்

சந்திரா அப்பாவுக்கு,

சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். கருவாட்டுக் குழம்பு உறியில் இருக்கிறது, பூனை ஜாக்கிரதை. உங்கள் வயிற்றுக்காகக் காரம் கம்மியாகத்தான் போட்டேன். சந்திரா பள்ளிக்கூடம் விட்டதும் பூங்காவனம் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

போன மாதம் ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலில் அந்த ஸ்பிரிங் செட்டை மாட்டிய அன்று மெக்கானிக் கோதண்டபாணி என்ன சொன்னார்? "இனிமே ஒரு சக்கரம் சேத்துல சும்மா சுத்த, இன்னொண்ணு வேடிக்கை பாக்காதும்மா. ரெண்டும் சேந்து இழுக்கும்." சாப்பிடும்போதும் உங்களுக்கு அதே பேச்சு.

செவ்வாய்க்கிழமை ஏலகிரியிலிருந்து விடிந்த பிறகு வந்தீர்கள். "ராத்திரி முழுக்க சேத்துல மாட்டிக்கினேன். ஒரு சக்கரம் சும்மாவே சுத்திச்சு, இன்னொண்ணு அசையவே இல்ல. இன்னா பண்றது?" என்றீர்கள்.

இன்று நீங்கள் சைக்கிளில் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போனதும், என் தம்பியை விட்டு ஜாக்கி போட்டு ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கினேன். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே பக்கம் சுற்றுகிறது. செட் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? செட் சரியாக இருக்கிறது. வண்டி பொய் சொல்லவில்லை.

கோதண்டபாணி ஆயில் பார்க்க வந்தால், வண்டி வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அம்சவேணி

சாவியைத் தேடாதீர்கள். தம்பி ஓட்டுகிறான், மலைக்குப் போகிறோம். சேறு ஜாஸ்தியாக இருந்தாலும் பயமில்லை. ராத்திரி முழுக்க நீங்கள் மாட்டிக்கொண்டிருந்த இடத்தை நானே பார்த்துவிட்டு வருகிறேன்.