செம்பருத்திக்குப் போர்த்திய விரிப்பு

டுலூத்,
அக்டோபர் 9, 1994

அன்புள்ள மார்லிஸ்,

இந்தக் குளிர்காலத்தை அப்பா இந்த வீட்டில் தாண்டுவாரா? எனக்குத் தெரியவில்லை. அவர் மறதிக்கு மருத்துவரும் கையை விரிக்கிறார்.

நேற்று முதல் உறைபனி. அம்மாவின் செம்பருத்தித் தொட்டியை நிலவறைக்கு இறக்கினோம். இலையை உதிர்த்துவிட்டு மே வரை தூங்கும். அப்பாதான் அதைப் பார்க்கப் பகலெல்லாம் படி இறங்கி ஏறுகிறார். நான் கல்லூரிக்குப் போனால் அவர் தனி.

இங்கே பலர் வயதானவர்களைக் குளிருக்கு அரிசோனாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உன்னிடம் ஓர் அறை இருக்கிறது. மார்ச் வரை வைத்துக்கொள்வாயா? எனக்கு அலுத்துவிட்டது.

ஆர்டிஸ்

டூசான், அரிசோனா,
அக்டோபர் 20

அன்பு ஆர்டிஸ்,

இங்கே இன்னும் வெயில். செம்பருத்தி வேலியோரம் பூத்துக் கிடக்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அறையில் ரான் தன் கோல்ஃப் சாமான்களை அடுக்கிவிட்டார். புருஷனிடம் உடனே கேட்க முடியுமா, சொல். கிறிஸ்துமஸ் கழியட்டும். அம்மாவின் செடியைப் பட்டுப்போக விட்டுவிடாதே. அப்பாவுக்கு என் முத்தங்கள்.

மார்லிஸ்

டுலூத்,
நவம்பர் 8

அன்புள்ள மார்லிஸ்,

நேற்று வகுப்பு முடிந்து வந்தால் வீடெங்கும் துணி கருகும் வாடை. உறைபனி எச்சரிக்கை வந்தால் வாசல் செடிகளுக்குப் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துவோமே, அதையே அப்பா நிலவறையில் செய்திருக்கிறார். பக்கத்தில் ஹீட்டரும் வைத்திருக்கிறார். விரிப்பின் ஓரம் கறுத்துவிட்டது.

"என்னப்பா இது?"

"அதுக்குக் குளிருதும்மா. மொட்டையா நிக்குது பாரு."

"அது தூங்குதுப்பா."

"நீ படிச்சவ. உனக்கு எல்லாமே தூங்குற மாதிரிதான் தெரியும்."

சிரித்துவிட்டேன். ஹீட்டரின் வயரைப் பிடுங்கி, அதை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இன்று உனக்குப் போன் செய்தேன். "ரான்கிட்ட கேட்டுட்டு காலையில கூப்பிடறேன்" என்றாய். அப்பாவிடமும் சொன்னேன். ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் நாளை பத்து மணிக்கு அறை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ அழைத்துக்கொள்கிறேன் என்றால் அங்கே போகமாட்டோம். அதுவரை இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.

நவம்பர் 9

போன் வரவில்லை. பத்து மணிக்குப் போனோம். காலியாக இருந்தது ஒரே அறை, வடக்குப் பார்த்த ஜன்னல். அப்பா கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்து, "மார்லிஸ் ஊர்ல இப்ப என்ன மணிம்மா?" என்று அறை காட்டிய பெண்ணிடம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

நம்மைவிட ஒரு மணி நேரம் குறைவு என்றேன். "அப்ப இன்னும் நேரமிருக்கு" என்றார்.

அறையை எடுத்துக்கொண்டேன்.

ஆர்டிஸ்