வராத பஸ்ஸுக்கு ஒரு வரிசை

அன்புள்ள அம்மாவுக்கு எல்ஸ்பெத் எழுதுவது.

நான் சுகம், ஆஸ்பத்திரி வேலையும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? தீவில் காற்று அடங்கியதா?

கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் இங்கே ஊரே தெருவில் நிற்கிறது. அரசாங்கம் பஸ்ஸுக்குத் தரும் பணத்தை வெட்டியதால் எங்களுக்கு இருந்த ஒரே பஸ்ஸும் நின்றுபோனது. பக்கத்து வீட்டு மேவிஸ் அக்கா இன்று காலை குடையோடு போய் அந்த நிறுத்தத்தில் நின்றார். பின்னால் நான். வரிசையைக் கண்டால் இந்த ஊர்க்காரர்களுக்குக் கை கால் சும்மா இருக்காது. மதியத்துக்குள் அது மாதாகோவிலைத் தாண்டிவிட்டது.

"எதுக்குங்க நிக்கிறீங்க?" என்றார் ஒருவர்.

"வராத பஸ்ஸுக்கு," என்றார் அக்கா.

"அப்படியா. கடைசி ஆள் யாரு?"

எங்கள் எம்.பி. சமாதானம் பேச நேராக முன்னால் வந்தார். "வரிசையில வாங்கய்யா" என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். மனிதர் முகம் சிவந்து, "மன்னிச்சுக்குங்க" என்று கடைசியில் போய் நின்றார். இன்னும் அவர் முறை வரவில்லை.

நீ சுடும் ஓட்ஸ் ரொட்டி கொஞ்சம் அனுப்பு. கடை ரொட்டியைத் தனியாக உட்கார்ந்து தின்ன முடியவில்லை.

என் இடத்தை அக்கா பிடித்து வைத்திருக்கிறார், ஓடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு உன்னிடம் வர, ரயிலடிக்கு என்னைக் கொண்டுபோக வேண்டியது அந்தப் பஸ்தான்.

உன் மகள்
எல்ஸ்பெத்